மின்னொளிக் கபடியும் ஒரு டிராக்டர் எம்சாண்டும்

போஸ்டரில் மாலை 6 மணி என்று போட்டிருந்தார்கள். எங்கள் பக்கம் கபடிப் போஸ்டரில் 6 மணி என்றால், அந்நேரத்துக்கு மைக்செட்காரர் குழாய் கட்ட வருவார் என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். கூட வந்தவன் பதினோரு வருடத்தில் மறந்துவிட்டான். ஐந்து மணிக்கே குளித்து, அரைக்கால் டவுசரும் டீசர்ட்டுமாகத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "மச்சான், முதல் ஆட்டம் போயிரும், கிளம்புங்க" என்று நச்சரிப்பு. முதல் ஆட்டம் தொடங்கியபோது மணி ஒன்பது இருபது.

கூட வந்தவன் என் மனைவியின் தம்பி. டொரொன்டோவுக்குப் பக்கத்தில் ஓர் ஊரில், நகராட்சி நடத்தும் ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் வேலை. ஆடுகிற வேலை இல்லை. இடைவேளை விடும்போது ஐஸை மட்டம் செய்யும் வண்டி வருமே, அதை ஓட்டுகிறான். ஜாம்போனி என்று பெயர். பிராங்க் ஜாம்போனி என்பவர் 1949-ல் செய்தது, அதுவும் வெயில் கொளுத்தும் கலிபோர்னியாவில். கோடை வந்தால் இவனுடைய அரங்கத்தில் ஐஸை எடுத்துவிட்டுத் தரையைக் காயப் போட்டுவிடுவார்களாம். "ஐஸை உருக்கி ஊத்திட்டுத்தான் மச்சான் பிளைட் ஏறுனேன்" என்றான் வந்த அன்று. வைகாசி வெயிலில் விசிறிக்கொண்டிருந்த என் மாமியார், "ஊத்துனதுல ஒரு சட்டி இங்க கொண்டாந்திருக்கலாம்ல" என்றார்.

நான் ஆத்தங்குடிக் கல் போடுகிறவன். வெளியூர்க்காரர்கள் டைல்ஸ் என்பார்கள். ஆக, ஆட்டம் பார்க்கப் போன இரண்டு பேரும் தரையைப் பார்த்துப் பிழைக்கிறவர்கள். அதனால் இந்த விமர்சனத்தில் யார் ஜெயித்தார்கள் என்பது கடைசியில் ஓரமாகத்தான் வரும். ஊர்ப் பெயரும் சொல்லப் போவதில்லை. காரைக்குடியிலிருந்து அரை மணி நேரம், கண்மாய்க் கரையை ஒட்டிய பொட்டல். நாலு குறை சொல்லப் போகிறேன், அடுத்த வருடமும் அதே ஊருக்குப் போக வேண்டும். அதனால்தான்.

பைக் நிறுத்த 20 ரூபாய். கேலரி 100 ரூபாய். தரையில் உட்கார்ந்தால் இலவசம். இவன் டாலர் கணக்கில் யோசித்து, நான் தடுப்பதற்குள் இரண்டு கேலரி டிக்கெட் வாங்கிவிட்டான். தண்டம். சவுக்குக் கம்பில் கயிறு கட்டிப் பலகை போட்ட கேலரி உறுதியாகத்தான் இருந்தது, அதில் குறையில்லை. ஆனால் அதைக் கொண்டுபோய் மைதானத்தின் கடைக்கோட்டுக்குப் பின்னால் கட்டியிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தால் பிடிக்கிற ஏழு பேரின் முதுகும் பனியன் நம்பரும்தான் தெரியும். ரெய்டு பாடி வருகிறவன் கால், தாண்டினால் கூடுதல் பாயிண்ட் தரும் போனஸ் கோட்டைத் தாண்டி விழுந்ததா, மறுகால் தரையில் படாமல் இருந்ததா, ஒன்றும் தெரியாது. கபடியைப் பக்கவாட்டில் இருந்து பார்க்க வேண்டும். நடுக்கோட்டுக்கும் போனஸ் கோட்டுக்கும் நடுவில், கயிற்றை ஒட்டித் தரையில் உட்காருங்கள். 100 ரூபாய் மிச்சம். மேலே விழுந்தாலும் விழுவார்கள், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். நாங்கள் இரண்டாவது ஆட்டத்திலேயே கேலரியை விட்டு இறங்கிவிட்டோம்.

சாப்பாடு பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கே முழு மதிப்பெண் வாங்கியது அதுதான். நுழைவாயிலுக்கு வலப்பக்கம் ஓர் அம்மா இரும்புச் சட்டி வைத்துச் சீயம் போட்டுக்கொண்டிருந்தார். இனிப்புச் சீயம், மசாலாச் சீயம் இரண்டும். மசாலாச் சீயத்தில் வெங்காயமும் பச்சை மிளகாயும் மாவோடு வதங்கி, தேங்காய் பல்லில் கடிபட, மேல்தோல் மொறுமொறு, உள்ளே பஞ்சு. கல்யாண வீட்டில் கூட இப்போது இந்தப் பதம் வருவதில்லை. நாலு 20 ரூபாய். மாப்ளே பன்னிரண்டு தின்றான், எண்ணினேன். எங்கள் பக்கம் அவன் எனக்கு மாப்ளே, நான் அவனுக்கு மச்சான். பருத்திப்பால் தள்ளுவண்டியும் இருந்தது. அது சுமார். கருப்பட்டி என்று சொல்லி வெல்லம் போட்டிருந்தார்கள். டீ வேண்டாம்.

பெண்களுக்குத் தனியாக நாற்காலி போட்டு, பள்ளிக்கூடக் கழிப்பறையைத் திறந்துவிட்டு, அதில் தண்ணீரும் வர வைத்திருந்தார்கள். பல ஊர்களில் இதை யோசிக்கவே மாட்டார்கள். என் வீட்டில் கூப்பிட்டதற்கு, "விடிய விடியக் கொசுக்கடியில உட்கார்ந்து நீங்க மண்ணைப் பார்ப்பீங்க, அவன் தண்ணியைப் பார்ப்பான், எனக்கென்ன அங்க" என்று சொல்லிவிட்டாள். நடந்ததும் அதுதான்.

மைக் ஒரு பெரிய குறை. அறிவிப்பாளர் நன்றாகப் பேசக்கூடியவர், ஆட்டமும் தெரிந்தவர். ஆனால் நன்கொடைப் பட்டியல் அவர் கையில் மாட்டிவிட்டது. ஒரு பையன் தனியாளாக நின்று பாடப் போகிறான், எதிரே ஐந்து பேர், மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். அந்நேரம் பார்த்து, "குடிதண்ணீர் உபயம்" என்று இரண்டு நிமிடம். நடுவில், "இந்த ரெய்டில் பாயிண்ட் எடுத்தால் 500 ரூபாய்" என்று யாராவது சீட்டு அனுப்புவார்கள். அதை மட்டும் வேகமாகப் படிப்பார். அது நன்றாகத்தான் இருந்தது.

இப்போது மண்ணுக்கு வருகிறேன்.

ஆண்கள் கபடி மைதானம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். மாப்ளே ஊர் ஐஸ் மைதானம் 200 அடிக்கு 85 அடி. பரப்பளவைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி கிட்டத்தட்ட பன்னெண்டு சேர்ந்தாத்தான் அது ஒண்ணு மச்சான்" என்றான். இவ்வளவு சின்ன இடத்தைக் கையால் பொறுக்கியெடுத்துப் பொன் போல வைக்கலாம். செம்மண்ணும் கண்மாய் வண்டலும் கலந்து, கொஞ்சம் மரத்தூள் சேர்த்து, சலித்து, நனைத்து, உருளை ஓட்டினால், விழுந்தால் வாங்கிக்கொள்ளும், ஊன்றினால் பிடித்துக்கொள்ளும். சின்ன வயதில் நான் ஆடியது அப்படிப்பட்ட தரையில்தான். அப்போது சடுகுடு என்போம். ஆளுக்கொரு பாட்டு வைத்திருப்போம்.

இங்கே என்ன நடந்திருக்கிறது என்றால், இரண்டு நாளைக்கு முன்னால் கோடை மழை. பொட்டல் சேறாகிவிட்டது. கமிட்டிக்காரர்கள் பதறிப்போய் எதையாவது கொட்டி மூடப் பார்த்திருக்கிறார்கள். கண்மாயில் மண் எடுக்கத் தாசில்தார் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு யார் நடப்பது. ஊருக்குள் யாரோ ஒருவர் வீடு கட்டுகிறார். நல்ல மனதோடு ஒரு டிராக்டர் எம்சாண்டை அனுப்பிவிட்டார்.

எம்சாண்ட் எனக்கு எதிரியில்லை. கட்டடத்துக்கு அது நல்ல சரக்கு. ஆற்று மணல் உருண்டு உருண்டு மூலை தேய்ந்து வந்தது. எம்சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது, அதன் ஒவ்வொரு மணிக்கும் மூலை இருக்கும். அந்த மூலைதான் சிமெண்டைக் கவ்வும். அதே மூலைதான் முட்டித் தோலையும் கவ்வும். முதல் ஆட்டம் முடிவதற்குள் ஏழெட்டுப் பேருக்கு முழங்காலும் முழங்கையும் சிராய்த்துவிட்டது. முதலுதவிப் பெட்டி இருந்தது. உள்ளே பஞ்சும் ஒரு பாட்டில் டிங்சரும் இருந்தன. ஒரு பையன் முட்டியில் டிங்சர் வைத்ததும் போட்ட சத்தம் மைக்கில் கேட்டது.

அதைவிட மோசம், எம்சாண்டுக்கு அடியில் ஈரக் களி. மேலே இருக்கிற பொடி காலோடு சறுக்கிப் போகும். மூன்றாவது ஆட்டத்தில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த நீலப் பனியன் அணியில் ஒரு நெட்டைப் பையன். பதினெட்டு வயது இருக்கலாம். முதல் இரண்டு ரெய்டிலும் அணிக்குப் பாயிண்ட் வரவில்லை, இது மூன்றாவது. பாயிண்ட் எடுத்தே ஆக வேண்டும், இல்லையென்றால் அவன் வெளியே. முப்பது விநாடியில் இருபது விநாடி சும்மா இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருந்தான். இடது மூலையில் நின்றவன் பொறுமை இழந்து கணுக்காலுக்குப் பாய்ந்தான். நல்ல பிடி. நெட்டையன் அப்படியே குப்புற விழுந்து, பிடித்தவனையும் இழுத்துக்கொண்டு, வலது கையை நீட்டி நடுக்கோட்டைத் தொடப் போனான். கட்டைவிரல் போய்ச் சேர்ந்தது. எங்களுக்கு மூன்றடி தூரத்தில் நடந்தது, விரல் நகத்தில் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததுகூடத் தெரிந்தது.

ஆனால் கோட்டைக் காணோம். அந்த இடத்தில் இரண்டடிக்குக் கோடே இல்லை, கால் பட்டுப் பட்டு எம்சாண்டோடு சேர்ந்து எங்கேயோ போய்விட்டது. அவன் விரல் நின்ற இடம் கோடா, கோட்டுக்கு இந்தப் பக்கமா? இரண்டு அணியும் உள்ளே இறங்கிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் கயிற்றைத் தாண்டினார்கள். கடைசியில் நடுவர் ஒரு சணல் கயிற்றை இரண்டு முனையில் பிடிக்கச் சொல்லி, கோடு இருந்திருக்க வேண்டிய இடத்தைக் கண்டுபிடித்தார். அதற்குள் பையன் விரலை எடுத்துவிட்டான். பதினைந்து நிமிடம். ரெய்டர் அவுட் என்று முடிந்தது. அநியாயம் என்றுதான் நான் இன்னும் சொல்வேன்.

மாப்ளே தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் ஊரில் கோடு ஐஸுக்கு மேலே இல்லையாம், உள்ளே. முதலில் மெல்லிசாக ஐஸ் கட்டி, வெள்ளை அடித்து, அதன் மேல் சிவப்பு, நீலக் கோடுகளைப் போட்டு, அதற்கும் மேலே தண்ணீர் தெளித்துத் தெளித்து ஐஸை ஏற்றுவார்கள். மொத்தக் கனமே ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம்தான். மேலே எத்தனை பேர் சறுக்கினாலும் கோட்டின் மேல் யாரும் கால் வைக்க முடியாது. எனக்கு இது புதிதே இல்லை. ஆத்தங்குடிக் கல்லிலும் பூவை மேலே வரைவதில்லை. கண்ணாடிமேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு அதன் பின்னால்தான் சிமெண்டும் மணலும் போடுவோம். பூவும் கல்லும் ஒரே உடம்பு. தேய்ந்தால் சேர்ந்துதான் தேயும்.

இன்னொரு விஷயத்திலும் அவனுக்குக் குஷி. நான்காவது ஆட்டத்தில் நடுவரிடம் எகிறிய ஒருத்தனுக்கு மஞ்சள் அட்டை. இரண்டு நிமிடம் வெளியே, அவன் அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். "இதே ரெண்டு நிமிஷம்தான் அங்கயும்!" என்று எழுந்து நின்று கத்தினான். அங்கே தப்புச் செய்தவனைக் கதவு போட்ட கூண்டில் உட்கார வைப்பார்களாம். சண்டை போட்டால் ஐந்து நிமிடம். இங்கே ஸ்கோர் எழுதுகிறவருக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலி. அட்டை வாங்கியவன் அதில் உட்கார்ந்து யாரோ கொடுத்த கடலையைத் தின்றுகொண்டிருந்தான்.

பதினொன்றரைக்கு ஈசல் கிளம்பியது. மழை பெய்த பூமி, நாலு கம்பத்திலும் எல்இடி விளக்கு, கேட்க வேண்டுமா. பாடிப் போன ஒருத்தன் வாய்க்குள்ளேயே ஒன்று புகுந்துவிட்டது. இருமினான், பாட்டு அறுந்தது, நடுவர் கை தூக்கிவிட்டார். "ஈசலுக்கு ஒரு பாயிண்ட்!" என்று கேலரியிலிருந்து ஒரு குரல். அன்றைய இரவின் சிறந்த விமர்சனம் அதுதான், மைக்கில் சொன்னது எதுவும் அதற்குப் பக்கத்தில் வராது.

காலிறுதிக்கு முன்னால் மணி ஒன்று. மாப்ளேயால் முடியவில்லை. எழுந்து நேராகக் கமிட்டி மேடைக்குப் போய், "அண்ணே, ஒரு பத்து நிமிஷம் குடுங்க, தரையைச் சரி பண்ணித் தாரோம்" என்றான். மேடையில் இருந்த பெரியவர் அவன் டவுசரை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி யாரு?" நான் ஓடிப்போய், "ஆத்தங்குடிங்கய்யா, கல் போடுறோம்" என்றேன். "இப்ப கல்லா போடப் போறீக?" என்றார். கூட்டம் சிரித்தது. ஆனால் முட்டியில் ரத்தத்தோடு நின்ற பையன்கள், "போடட்டும்யா" என்று சொல்லிவிட்டார்கள்.

கேலரியில் மிஞ்சிய பலகை ஒன்று, மண்வெட்டி இரண்டு, பள்ளிக்கூடத் தோட்டத்துப் பூவாளி, விளக்குமாறு. இவ்வளவுதான் சாமான். ஏழெட்டுப் பையன்கள் கூட வந்தார்கள். எம்சாண்டை முழுக்க வழித்து ஓரத்துக்குத் தள்ளினோம். அடியில் இருந்த களியை ஓர் அங்குலத்துக்குக் கொத்திவிட்டு, கரையிலிருந்து நாலு கூடை காய்ந்த செம்மண்ணைத் தூவி, பலகையை இழுத்தோம். அதை இழுக்க நான் நேர்கோட்டில் போனேன். அவன் தடுத்துவிட்டான். ஓரத்தை முதலில் ஒரு சுற்று, அப்புறம் உள்ளே உள்ளே முட்டை வடிவத்தில் சுற்ற வேண்டுமாம், அப்போதுதான் வழித்த மண் கடைசியில் ஒரே இடத்தில் சேரும். அவன் வண்டியும் அப்படித்தான் ஓடும். பிளேடு ஐஸின் மேல்தோலை மெல்லிசாகச் சீவும், சீவிய பனியை வண்டியே அள்ளிக்கொள்ளும், பின்னால் தண்ணீர் விட்டுக்கொண்டே போகும். அதுவும் வெந்நீர், 60 டிகிரிக்கு மேல்.

"ஐஸுக்கு வெந்நீரா?"

"பச்சைத் தண்ணி ஊத்துனா மேல தனியா உட்கார்ந்து உறைஞ்சிரும் மச்சான், நடுவுல காத்து நிக்கும். வெந்நீர்னா அடி ஐஸை லேசா இளக்கி, ரெண்டும் ஒண்ணாயிரும்."

சரிதான். முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததைப் போட்டால்தான் எங்கள் கல்லும் ஒட்டும்.

கோட்டுக்கு என் யோசனை. சணல் கட்டி, ஆணியால் கால் அங்குலம் கீறி, அந்தப் பள்ளத்தில் சுண்ணாம்பைப் போட்டுக் கையால் அமுக்கினேன். பத்து நிமிடம் என்று கேட்டது இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. அறிவிப்பாளர் அந்த இருபத்தைந்து நிமிடமும் எங்களை வர்ணித்தார். கனடாவிலிருந்து வந்த நிபுணர் என்று மாப்ளேயைச் சொன்னார். என்னை "உடன் ஒருவர்" என்றார்.

அதற்குப் பிறகு ஆட்டம் வேறு. கால் ஊன்றியது. தொடைப் பிடி போட்டவன் தொடையிலேயே நின்றான், சறுக்கிக் கணுக்காலுக்குப் போகவில்லை. மூன்று பேர் மட்டும் மிஞ்சிய ஓர் அணி, முழு வேகத்தில் வந்தவனைக் கை கோத்துச் சங்கிலி போட்டு மடக்கி சூப்பர் டேக்கிளில் இரண்டு பாயிண்ட் எடுத்தபோது பொட்டலே எழுந்து நின்றது. கோடு அரையிறுதி வரைக்கும் அழியவில்லை, இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆனால் வடகிழக்கு மூலையில் பூவாளி பிடித்த பையன் தண்ணீரை ஒரேயடியாகச் சாய்த்துவிட்டான், நாங்கள் கவனிக்கவில்லை. இரண்டாவது காலிறுதியில் தேவகோட்டைப் பக்கத்து அணியின் கார்னர் ஆட்டக்காரன், அன்று இரவு பார்த்ததிலேயே நல்ல பிடிகாரன், அந்த மூலையில் வழுக்கி எல்லைக்கு வெளியே போய் விழுந்தான். ஒரு பாயிண்ட் போனது. ஆட்டம் சமனில் முடிந்து, ஆளுக்கு ஐந்து ரெய்டு வைத்து, அவர்கள் ஒரு பாயிண்டில் தோற்றார்கள். வெளியே போகும்போது அவன் எங்கள் இருவரையும் பார்த்த பார்வை இருக்கிறதே. மாப்ளே எழுந்துபோய் மன்னிப்புக் கேட்டான். அவன், "விடுங்கண்ணே, உங்களுக்கு முன்னாடி தோல் போச்சு, இப்ப மேட்ச் போச்சு" என்றுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தான்.

இறுதி ஆட்டம் நாலே முக்காலுக்கு முடிந்தது. நீலப் பனியன் நெட்டையன் அணிதான் கோப்பை. முப்பதாயிரம் ரூபாயும் ஓர் ஆட்டுக்கிடாயும். எப்படி வந்தார்கள் என்றால், அந்த அவுட்டுக்குப் பிறகும் அந்த ஆட்டத்தை ஜெயித்திருந்தார்கள், பாதியில் நான் சீயம் வாங்கப் போயிருந்தேன்.

ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். சீயத்துக்கு மட்டும் ஐந்து. அடுத்த வைகாசிக்குப் போகிறவர்கள் எட்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் போதும். ஒரு போர்வை, கொசுவுக்கு ஏதாவது, சில்லறை. கேலரி டிக்கெட் வாங்காதீர்கள்.

கிளம்பும்போது கமிட்டிப் பெரியவர் என் நம்பரை வாங்கிக்கொண்டார். அடுத்த வருடம் பத்து நாள் முன்னாலேயே நாலு டிராக்டர் வண்டல் இறக்க வேண்டும் என்றேன். "அனுமதி நான் வாங்குறேன், மண்ணு நீங்க போட்டுருங்க" என்றார். கூலி பற்றி வாயைத் திறக்கவில்லை. மாப்ளே பைக்கின் பின்னால் உட்கார்ந்தபடி, எந்தத் தேதி என்று சொன்னால் அதற்குத் தகுந்த மாதிரி டிக்கெட் போடலாம் என்று கோட்டையூர் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தான். அப்புறம் தூங்கிவிட்டான்.